மறுமொழி: ‘பிளாஷ் ரஸ்ட்’டுக்குத் தமிழ் – ‘பூங்கறள்’ என்று வைப்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்ச்சொல் தேடும் நம் இழையை முதலிலிருந்து படித்தேன். கண்டியிலிருந்து சேர் (ஐயா) கேட்டது நேரான கேள்வி. பெயின்ட் உரித்துப் பளபளவென்று தேய்த்து வைத்த இரும்புத் தகட்டில் அன்றைக்கே படர்கிறதே ஒரு மெல்லிய சிவப்பு, அதற்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தில் பிளாஷ் ரஸ்ட். இதுவரை வந்தவை மின்னல் துரு, திடீர்த்துரு, உடன்துரு, செந்துரு, பனித்துரு, மென்கறள், பூந்துரு. (கறள் என்பது யாழ்ப்பாணப் பேச்சில் துரு.) மலையகத்து நாவலப்பிட்டியில் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனரைப் பிரித்துப் போட்டு வேலை செய்கிறவன் நான். இந்தச் சிவப்போடு மல்லுக்கட்டுவதிலேயே பாதி நேரம் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைக் கிட்ட நின்று பார்ப்போம். மொரிஸ் மைனரின் மட்கார்டுகள் போல்ட்டில் பூட்டியவை. கழற்றித் திண்ணையில் வைத்து வசதியாக வேலை செய்யலாம். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை பழைய பெயின்டையும் புட்டியையும் உரித்து, 80ஆம் இலக்க சேண்ட் பேப்பரால் தகடு வெள்ளையாகும்வரை தேய்க்கிறோம் என்று வையுங்கள். மழை இன்னும் இறங்கவில்லை, ஆனால் வெக்கையும் ஈரமுமாகக் காற்று அப்படியே நிற்கிறது. சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் முதலில் தெரிவது கைரேகை. தகட்டைத் திருப்பப் பிடித்த இடத்தில் நாலு விரலும் பதிந்து, ரேகை ரேகையாகச் சிவந்திருக்கும். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டின இடமெல்லாம் சின்னச் சின்னச் செம்மஞ்சள் வளையம். விட்டுவைத்தால் மாலைக்குள் தகடு முழுக்க மங்கிச் சிவப்பேறும். விரலால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் விரலில் ஒட்டும். அடியில் இரும்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கும். குழி கிடையாது, செதில் கிடையாது.

தொட்ட இடம் ஏன் முந்திக்கொள்கிறது? வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், கரைந்து மின்னையும் கடத்தும். தொடாத இடத்தில் அதே வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. கிடந்து பழகிய இரும்பின் மேல் ஒட்சைட்டுப் படலமோ எண்ணெய்ப் பிசுக்கோ ஏதாவது ஒரு மூடி இருக்கும். தேய்த்தவுடன் அது போய்விடுகிறது. சாரீரப்பதன் (ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி) ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலைச் சரிவில் அந்த 60க்குக் கீழே இறங்குவதை நாங்கள் எதிர்பார்ப்பதே இல்லை.

இதோடு தகடு வியர்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 28 பாகை வெப்பமும் 85 சதவீதச் சாரீரப்பதனும் உள்ள காற்றுக்குப் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 25 பாகை. இரவெல்லாம் சீமெந்துத் தரையில் குளிர்ந்து கிடந்த தகடு காலையில் அதற்கும் கீழே இருந்தால், வெளிக்காற்று சூடாகி உள்ளே வந்ததும் தகட்டில் நீர் கோத்துவிடும். பெயின்ட் வேலைக்காரர்கள், தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். மழை நாளில் தாழ்வாரத்தில் அந்த 3 பாகை கிடைக்காது. வெயில் ஏறிய பிறகு, பின்னேர மழைக்கு முன்னால் உள்ள சில மணி நேரம்தான் நமக்கு.

பனிபடுநிலை என்ற சொல்லைக் கவனியுங்கள். பாடப்புத்தகத்துக்காக ஆக்கியதுதான். ஆனாலும் என்ன நடக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. நமக்கு வேண்டியதும் அப்படி ஒரு சொல்.

இனி வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். மின்னல் துரு அகராதியைப் பார்த்து வைத்த பெயர். ‘பிளாஷ் பிளட்’டை நாம் திடீர் வெள்ளம் என்கிறோம், மின்னல் வெள்ளம் என்று யாரும் சொல்வதில்லை. படிக்கிறவர் இடி மின்னலால் வந்த துரு என்றுதான் நினைப்பார். சரி, திடீர்த்துரு? திடீர் என்றால் எதிர்பாராதது. இதுவோ வந்தே தீரும் என்று எதிர்பார்த்து வேலை செய்ய வேண்டிய ஒன்று. உடன்துருவில் ‘உடன்’ கூட இருப்பதைக் காட்டுகிறது. உடன்பிறப்பு, உடன்படிக்கை என்றே காது பழகியிருக்கிறது.

நுவரெலியாத் தம்பி தந்த பனித்துரு அழகான சொல். 1,868 மீற்றர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் கம்பளை, மாத்தளை வெக்கையிலும் இதே சிவப்புத்தான் வருகிறது. நீரில் கரைத்த பிரைமரை (பெயின்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சை) பூசினால், அது காய்வதற்குள் அடியில் கிளம்புவதும் இதுவேதான். அங்கே பனிக்கு வேலையே இல்லை.

செந்துருவை மலையகத்தில் இருந்துகொண்டு நான் ஒத்துக்கொள்ள முடியாது. தேயிலைக்கு வரும் நோய் ஒன்றுக்கு ஏற்கனவே அந்தப் பெயர் போய்விட்டது. செடியில் செம்மஞ்சளாகப் படர்கிற அது உண்மையில் ஒரு பாசி. தோட்டத்து ஆளிடம் செந்துரு என்றால் அவர் எந்த மலையில், எந்தத் தேயிலைப் பகுதியில் என்று கேட்பார்.

இவற்றில் பெரும்பாலானவை நேரத்தையோ நிறத்தையோ பிடித்துக்கொள்கின்றன. பட்டறையில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இது தேய்த்தால் போகுமா, இல்லை தகட்டை வெட்டி வெல்டிங் பிடிக்க வேண்டுமா? அதாவது துரு எந்தப் பருவத்தில் இருக்கிறது? எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்கு வினைச்சொற்கள் தயாராக இருக்கின்றன. துரு பூத்திருக்கு, துரு ஏறிருச்சு, துரு தின்னுருச்சு. பூத்ததை சேண்ட் பேப்பர் எடுக்கும். ஏறினதுக்கு கிரைண்டர் வேண்டும். தின்னதுக்குப் புதுத் தகடுதான். பெயர்ச்சொல் ஒன்றை வைத்துக்கொண்டு வினையால் பருவம் பிரித்திருக்கிறார்கள். எவ்வளவு துல்லியம் பாருங்கள்.

பூத்தல் என்பதை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம்? சுவரில் உப்பு பூக்கிறது. அடைமழை மாதத்தில் தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கிறது. வழி பார்த்துக் கண் பூத்துப்போகிறது. நீறு பூத்த நெருப்பு என்கிறோம். எல்லாவற்றிலும் மேலே மெல்லியதாக ஒன்று படர்ந்திருக்கிறது, அடியில் உள்ளது இன்னும் அழியவில்லை. பிளாஷ் ரஸ்ட் என்பது அச்சொட்டாக இதுதான். எங்கள் ஊர் டிங்கர் பாஸ்மாரில் (கார்த் தகட்டு வேலைக்காரர்களில்) பலர் சிங்களவர்கள். சிங்களத்தில் துரு ‘மலகட’, பூ ‘மல’. இரண்டும் ஒரே வேரா என்று பேச நான் வரவில்லை. துருவையும் பூவையும் சேர்த்துச் சொன்னால் பட்டறையில் அது அந்நியமாக ஒலிக்காது, அவ்வளவுதான்.

ஆகவே மட்டக்களப்பு அக்கா சொன்ன பூந்துருவே எனக்கு மிக நெருக்கமாக வந்தது. பூங்கொடி, பூந்தூறல் என்கிறபோது கிடைக்கிற மென்மையும் அதில் உண்டு. ஆனால் அக்கா, மலையகத்தில் துரு என்ற சொல்லுக்கு ஒரு பாரமான வரலாறு இருக்கிறது. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களையே அழித்தது. தேயிலை வந்ததும், எங்கள் மூத்தோர் இன்னும் பெருந்தொகையாய் இந்த மலைகளில் குடியேற நேர்ந்ததும் அதன் பின்னால்தான். இன்றும் பயிர்ச்செய்கைப் புத்தகங்களில் துரு என்றால் பூஞ்சண நோய். அப்படியிருக்க, நுவரெலியாவில் ரோசாவும் கிரிசாந்தமும் வளர்க்கிற ஒருவர் பூந்துரு என்ற சொல்லைக் கண்டால் என்ன நினைப்பார்? பூவுக்கு வந்த துருநோய் என்றுதான்.

யாழ்ப்பாணத்து அண்ணனின் கறள் கைகொடுப்பது இங்கேதான். கறள் செடியில் பிடிக்காது, இரும்பில்தான் பிடிக்கும். ‘மலையகத்தார் துரு என்றுதானே சொல்வார்கள்’ என்று அண்ணனே தயங்கியிருந்தார். உண்மைதான், எங்கள் வீட்டுப் பேச்சு துருதான். ஆனாலும் பள்ளிக்கூடத்திலும் வானொலியிலும் கேட்டுப் பழகியதால், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்தவருக்கும் கறள் பிடித்த தகரம் என்றால் விளங்கும். விளங்குகிற சொல்லில் குழப்பமில்லாத ஒன்று இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதே முறை. பூ, கறள் இரண்டும் சேர்ந்தால் பூங்கொடிபோல ‘பூங்கறள்’.

அண்ணன் மென்கறள் என்றார். அதில் எனக்கு ஒரே ஒரு தடை. மென் என்றால் பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம் வரும். இதை அப்படி விடவே கூடாது. இதன் மேல் பிரைமர் அடித்தால் பூச்சு இரும்பைப் பிடிக்காமல் கறளைப் பிடிக்கிறது. பிறகு ஒரு மழைக்காலத்தில் பொக்களம் பொக்களமாக எழும்பி, பட்ட பாடெல்லாம் வீண். பூத்தது என்றால் அடுத்து வளரும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. அந்த எச்சரிக்கை எனக்கு முக்கியம்.

வரையறையை இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன், திருத்துங்கள்:

பூங்கறள் – தேய்த்தோ, மணல் வீசியோ, நீர் பாய்ச்சியோ துப்புரவாக்கிய வெற்று இரும்பின் மேல், ஈரக்காற்றால் அல்லது நீரால், சில நிமிடம் முதல் சில மணி நேரத்துக்குள் படரும் மெல்லிய கறள். உலோகத்தில் குழி விழுந்திராது. வினை: கறள் பூத்தல், பேச்சில் துரு பூத்தல்.

நீர் பாய்ச்சித் துப்புரவாக்கும் இரும்புக்கு ஐ.எஸ்.ஓ. 8501-4 தரநிலை இதை மூன்று படியாகப் பிரிக்கிறது. துணியால் துடைத்தால் எவ்வளவு ஒட்டுகிறது என்பது அங்கே ஒரு முக்கிய அடையாளம். அவற்றை இளம்பூங்கறள், நடுப்பூங்கறள், கடும்பூங்கறள் என்று சொல்லலாம். இதே வழியில் மேற்கறள், செதிற்கறள், குழிக்கறள் என்று மற்றப் பருவங்களுக்கும் சொல் வந்துவிடும்.

சொல் வாயில் நிற்கிறதா என்று நான் இப்படிப் பார்த்தேன்: “வெற்றுத் தகட்டில் தண்ணீர் போட்டுத் தேய்க்காதே, பூங்கறள் வந்துரும்.” “கையுறை போடு தம்பி, தொட்ட இடமெல்லாம் பூத்துரும்.” “ஒரு மட்கார்டை முடிச்சு எபொக்சி பிரைமரை அடிச்சிட்டு அடுத்ததைத் தொடு, இல்லாட்டி பூங்கறளைத் தேய்க்கவே பொழுது போயிரும்.” எனக்கு இடறவில்லை. உங்கள் வாயில் எப்படி வருகிறது என்று எழுதுங்கள்.

இது வெறும் சொல் ஆசைக்காக அல்ல. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், 1977இல் அது தளரும்வரை, இருந்த மொரிஸையும் ஒஸ்டினையும் திருத்தித் திருத்தித்தான் இந்த நாடு ஓட்டியது. அந்தக் கைத்திறன் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைத் தமிழில் எழுதி வைக்கப் போனால் டிங்கரிங், ரஸ்ட், பிரைமர் என்று வரிக்கு வரி ஆங்கிலம். பிரைமர் இருக்கட்டும், கடையில் அந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும். ரஸ்டுக்கு நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

ஒரு பக்கக் கேள்வி. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். இலையிலுள்ள பொலிபீனோல் இரும்போடு சேர்ந்து உண்டாக்குகிற கறுப்பு அது. டானிக் அமிலம் கலந்த ‘ரஸ்ட் கன்வேர்ட்டர்’ பூசினால் தகடு நீலக்கறுப்பாக மாறுவதும் அதே வகை வேலைதான். அதற்குக் ‘கறள்மாற்றி’ போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா? சேர் விரும்பினால் தனி இழை தொடங்கலாம்.

அக்காவுக்கும் அண்ணனுக்கும் பூங்கறளில் சம்மதம் என்றால் சேர், நீங்கள் சொற்பட்டியலில் ஏற்றிவிடுங்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் கார் நின்றுபோவதற்கு, ‘வேபர் லொக்’கிற்கு, போன மாதம் ஆளாளுக்குச் சொன்னவற்றையும் நான் தொகுத்து அனுப்புகிறேன்.

நன்றி.
நாவலப்பிட்டியிலிருந்து