மலைச் சுனைத் தண்ணீர் குடித்து மூன்று வாரமாக வயிறு சரியில்லை

மார்ச் இரண்டாம் வாரம் வெள்ளியங்கிரி ஏறினோம், நான்கு பேர். கொண்டுபோன தண்ணீர் ஐந்தாவது மலைக்குள் தீர்ந்துவிட்டது. ஆண்டி சுனையில் இரண்டு கைகளாலும் அள்ளி அப்படியே குடித்தேன். அடியில் கிடந்த சருகு கூடத் தெரியும் அளவுக்குத் தெளிவு, பல் கூசும் குளிர்ச்சி. என்னோடு குடித்தது இன்னொருவர் மட்டும். இப்போது அவருக்கும் இதே தொல்லை.

இறங்கி ஒன்பதாம் நாள் ஆரம்பித்தது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. தினமும் நான்கைந்து தடவை போகிறது. எண்ணெய் மிதக்கிற மாதிரி, தாங்க முடியாத நாற்றம். ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை. சாப்பிட்ட அரை மணியில் வயிறு மத்தளமாக உப்புகிறது. எடை 64 கிலோவிலிருந்து 60.

ஓஆர்எஸ், தயிர்சாதம், மாதுளைத்தோல் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. பக்கத்துக் கிளினிக்கில் ஐந்து நாள் ஆஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. அப்புறம் ஒரு முறை மலப் பரிசோதனை, 'ஒட்டுண்ணி எதுவும் இல்லை' என்று வந்தது. அசுத்தத் தண்ணீரால் குடலுக்குள் வரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி என்றால், கிருமி தினமும் மலத்தில் வெளியேறாது, வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும் என்று படித்தேன். மலை ஏறிய விஷயத்தை டாக்டரிடம் முதலில் சொல்லாமல் விட்டது என் தவறு.

நாளை மறுநாள் கோவையில் குடல் நோய் நிபுணரைப் பார்க்கிறேன். மலைத் தண்ணீரால் இப்படி அவதிப்பட்டவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எந்தப் பரிசோதனையில் பிடிபட்டது?