சிங்கப்பூரில் நண்பர் வீடு இருக்கும்போது ஓட்டல் எதற்கு?

வெட்டாற்றங்கரை:
நியாயம் கேட்டு வந்திருக்கிறேன். யார் பக்கம் வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில் இருக்கும் அவர் நண்பரும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. அந்தக் குடும்பம் வருஷா வருஷம் டிசம்பரில் ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டில்தான் நாலைந்து நாள் தங்கும். "ஒரு தடவை வாங்க, வாங்க" என்று ஐந்து வருஷமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போன மே மாதம்தான் போனோம். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பன்னிரண்டு நாள். வெறுங்கையோடு போகவில்லை. மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து, காக்காய்க்குக் காவல் உட்கார்ந்து கூழ் வடகம் பிழிந்து காயவைத்து, மோர் மிளகாய், சாம்பார்ப் பொடி, காபித்தூள், வீட்டு உளுந்து எல்லாம் எடை போட்டு எடுத்துக்கொண்டு, எடை கூடிப்போனதால் எங்கள் துணியைத்தான் குறைத்தோம்.

முதல் மூன்று நாள் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். நாலாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள். காலை 5.45 முதல் 6.30 வரை பொதுக் குளியலறைக்குப் போக வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் ஹாலில் பேச வேண்டாம். வாஷிங் மெஷின் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குளியலறைத் தரையை ஈரமாக விட வேண்டாம். என் சின்னவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு. அதைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினான். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் இரண்டாவது டம்ளர் காபி கேட்கவில்லை.

கிளம்பும்போது நண்பரின் மனைவி, அந்த அம்மா, "அடுத்த தடவை பக்கத்திலேயே நல்ல ஓட்டலாகப் பார்த்து வைக்கிறேன்" என்றார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். பிள்ளைகள் வரும் மே மாதமும் போகணும் என்கிறார்கள். ஓட்டலில் தங்கித்தான் அவர்களைப் பார்க்கணும் என்றால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது தப்பா?

பம்புசெட்:
தப்பே இல்லை அக்கா. ஃபிரிட்ஜில் சட்டம் எழுதி ஒட்டுகிற வீட்டுக்கு எதற்குப் போகணும்?

ஈசூன் தம்பி:
ஒரத்தநாட்டுக்காரன், இங்கே சிங்கப்பூர் வந்து 11 வருஷம். அக்கா கோபப்படாதீர்கள், அந்தத் தாளில் இருக்கிற நேரங்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

இங்கே பள்ளிக்கூடம் காலை 7.30-க்கு. ஸ்கூல் பஸ் 6.30-க்குக் கீழே வந்து நிற்கும், அப்போது வெளியே கும்மிருட்டு, சூரியன் வரவே ஏழாகும். நீங்கள் வந்த மே மாதம் உங்கள் பிள்ளைகளுக்கு லீவு, எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. எங்களுக்கு லீவு விடுவது மே கடைசியில், ஜூன் முழுக்க. அதாவது நீங்கள் ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடப் பைக்கு அட்டை போடுகிற நேரத்தில்தான் எங்களுக்கு லீவே ஆரம்பிக்கிறது. அப்புறம் அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம். உங்கள் கைக்கடிகாரத்தை மாற்றினாலும் உடம்பு மாறாது. ஊரில் பத்தரைக்குப் படுக்கிறவர்கள் இங்கே ஒரு மணிக்குத்தான் படுப்பார்கள். ஹாலில் சிரித்துப் பேசுகிற அந்த நேரத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை புரண்டுகொண்டிருக்கும்.

வீடு எவ்வளவு பெரிசு என்றும் பாருங்கள். நாலு ரூம் வீடு என்பார்கள், ஹாலையும் சேர்த்து எண்ணினால்தான் நாலு. படுக்கையறை மூன்று, குளியலறை இரண்டு, அதில் ஒன்று அவர்கள் அறைக்குள்ளே. மிச்சம் ஒன்றுக்கு ஏழெட்டுப் பேர்.

பம்புசெட்:
தம்பி, இட நெருக்கடி எங்களுக்குத் தெரியாதா? திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து பாருங்கள், இரண்டு அறை வீட்டில் கல்யாணத்துக்கு முப்பது பேர் படுத்து எழுந்திருக்கிறோம்.

ஈசூன் தம்பி:
அண்ணே, அந்த முப்பது பேருக்குத் திண்ணை இருந்தது, கூடம் இருந்தது, கொல்லை இருந்தது. குளிக்க ஆறோ பம்புசெட்டோ இருந்தது, உங்கள் பெயரிலேயே இருக்கிறதே. பதினோராவது மாடியில் கொல்லைக்கு எங்கே போவது?

பம்புசெட்:
சரி, இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் எல்லாம் டிசம்பரில் வருகிறீர்களே, அது எங்களுக்கு என்ன மாதம் என்று தெரியுமா? சம்பா வயலில் நிற்கிற மாதம். மழை எப்போது கொட்டும், வடிகால் எப்போது அடைக்கும் என்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நிற்கிற மாதம். அந்த நேரத்தில் வந்து, மழையில் ஏன் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை என்று முகம் சுளித்தவர்களையும் பார்த்தாச்சு. 2018-ல் கஜா புயல் அடித்தது நவம்பர் 16. அடுத்த மாசம் எனக்கு வேண்டிய ஒரு குடும்பம், டிக்கெட் எடுத்தாச்சு என்று வந்து இறங்கிவிட்டது. தென்னை அத்தனையும் சாய்ந்து கிடக்கிறது, ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய், கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து அவர்கள் படுத்த அறைக்கு மட்டும் ஃபேன் ஓட்டினேன். என் பிள்ளைகள் கொசுவர்த்தி ஏற்றிக்கொண்டு வாசலில் படுத்தார்கள். நான் எந்தக் கதவிலும் எதையும் எழுதி ஒட்டவில்லை.

ஈசூன் தம்பி:
அதற்குப் பதில் இல்லை அண்ணே. அந்தக் குடும்பம் அப்போது வந்திருக்கவே கூடாது.

மாயூரம் வாத்தியார்:
நான் ஓய்வுபெற்றவன், இரண்டு விதமாகவும் தங்கிப் பார்த்தவன். முதல் தடவை ஒரு பழைய மாணவன் வீட்டில் பத்து நாள். இரண்டாவது நாளே என் எட்டு முழ வேட்டியை அலசி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் கழியில் போட்டேன். ஊர் ஞாபகத்தில் கிளிப் போடவில்லை. ஒரு காற்று வந்தது. வேட்டி அப்படியே விரிந்து, நிதானமாக, கீழே நின்ற ஒருவர் கார் மேல் போய்ப் படுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாணவன் முகத்தில் ரத்தமே இல்லை. மாடியிலிருந்து எது விழுந்தாலும் அங்கே போலீஸ் வரை போகிற விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினான். அந்த வேட்டியை மடித்துக் கொண்டுவந்து, "பரவாயில்லை சார்" என்று என் கையில் கொடுத்தானே, அன்று எனக்கும் யாராவது ஒரு தாள் எழுதி ஒட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

இரண்டாவது தடவை லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். ஜன்னல் இல்லாத அறை, பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. ஆனால் காலையில் இறங்கினால் சிராங்கூன் சாலை, இட்லி கிடைக்கிறது, வெற்றிலைகூடக் கிடைக்கிறது. (புகையிலை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அங்கே மெல்லும் புகையிலைக்குத் தடை.) சாயங்காலம் அதே மாணவன் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவான், சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ரயிலேறி அறைக்கு வந்துவிடுவேன். இரண்டு பேருக்கும் முகம் கோணவில்லை.

வெட்டாற்றங்கரை:
சார், நீங்கள் தனி ஆள். ஐந்து பேருக்கு இரண்டு அறை போட்டால் பன்னிரண்டு நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள், விமான டிக்கெட்டை எல்லாம் தாண்டிப்போகும். ஆனால் நான் காசுக்காகச் சொல்லவில்லை. குறையை வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறேன். "அக்கா, காலையில் கொஞ்சம் பாத்ரூமை விட்டுக்கொடுங்க" என்று சொன்னால் நான் மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்?

ஈசூன் தம்பி:
சொல்வதுதான் அக்கா கஷ்டம். தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம் வேறு. தண்ணீரில் ஒன்றும் இல்லை. ஆயிரம் லிட்டர் மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம். நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்தாலும் பன்னிரண்டு நாளைக்கு 9,000 லிட்டர், ஏறக்குறைய முப்பது வெள்ளியோடு முடிந்துவிடும். அதை யாரும் சொல்லிக்காட்ட மாட்டார்கள். தூக்கம் கெட்டதைச் சொல்லவும் வாய் வராது.

நீடாமங்கலத்தாள்:
நான் அங்கே ஒன்பது வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு ஊரோடு வந்துவிட்டவள். அந்தத் தாளை ஒட்டியவள் நானாகக்கூட இருந்திருப்பேன், அதனால் சொல்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்து, கதவைத் திறந்தால் ஒன்பது செருப்பு. கைகால் கழுவிவிட்டு ஒன்பது பேருக்குத் தோசை. விருந்தாளிப் பெண்கள் நல்லவர்கள்தான், "நகரு, நான் ஊத்துறேன்" என்பார்கள். ஆனால் கரண்டி எங்கே, எண்ணெய் எங்கே, இந்த அடுப்பை எப்படிச் சின்னதாக்குவது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நானே ஊற்றிவிடலாம். ஒரு தடவை ஏசி போட்டு ஜன்னலையெல்லாம் சாத்திய வீட்டில், அன்பாக எனக்கு ஆச்சரியம் தரணும் என்று ஒரு அத்தை பகல் முழுக்க வடகம் பொரித்து வைத்திருந்தார். மறுநாள் பிள்ளையின் சீருடை வரைக்கும் வடக வாசனை. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், வெட்டாற்றங்கரை. இரவு பத்துக்கு மேல் ஹாலில் பேசியது யார்? நீங்களா?

வெட்டாற்றங்கரை:
இல்லை. நானும் மாமியாரும் பிள்ளைகளோடு படுத்துவிடுவோம். அவரும் நண்பரும்தான். விடுதிக் கதையெல்லாம் பேசி இரண்டு மணி வரைக்கும் ஆகும்.

நீடாமங்கலத்தாள்:
அப்படியென்றால் அந்த வரி உங்களுக்கு இல்லை. அவள் புருஷனுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் எழுதியது. புருஷனிடம் மூன்று நாள் வாயால் சொல்லிப் பார்த்திருப்பாள், அவர் "என் ஃபிரண்டு வந்திருக்கான்" என்றிருப்பார். நாலாம் நாள் தாள். அதைப் படித்துத் தலைகுனிந்தது நீங்களும் உங்கள் மாமியாரும். அந்த இரண்டு பேரும் அதற்கப்புறமும் ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார்கள், சரிதானே?

வெட்டாற்றங்கரை:
பால்கனி இல்லாத வீடு என்பதால் லிஃப்ட் பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் போய் நின்று பேசினார்கள்.

இதை டைப் பண்ணும்போதே சிரிப்பு வருகிறது. ஆனாலும் என் மாமியார் காபி கேட்கவில்லையே, அதற்கு யார் பதில் சொல்வது? டிசம்பரில் அவர்கள் வரும்போது நாலரைக்கு எழுந்து வெந்நீர் போட்டு, குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி வைப்பது நான். அவர்கள் பிள்ளைகளுக்குத் தோதுப்படவில்லை என்று பின்கட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினோம், அது வருஷத்தில் ஐந்து நாளைக்குத்தான் திறக்கிறது, மிச்ச நாளெல்லாம் அதில் உர மூட்டை.

பம்புசெட்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

மாயூரம் வாத்தியார்:
சண்டையை விடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் போனால் என்ன? தம்பி சொன்னபடி அவர்களுக்கும் லீவு. நமக்குப் பள்ளி திறப்பது ஒவ்வொரு வருஷம் வெயிலால் தள்ளிப்போகிறது. 2023-ல் ஜூன் 12 வரை போனது, 2024-ல் ஜூன் 10.

பம்புசெட்:
2025-ல் ஜூன் 2-க்கே திறந்தார்களே சார். வெயிலை நம்பி டிக்கெட் எடுக்க முடியுமா? அதோடு ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற நாள். தண்ணீர் வந்தால் குறுவை வேலை. அதிலும் நிச்சயம் கிடையாது, 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28. நிலம் வைத்திருக்கிற வீட்டுக்காரர் ஜூன் முதல் வாரம் சிங்கப்பூரில் போய் நின்றால் நாற்றங்காலை யார் பார்ப்பது?

ஈசூன் தம்பி:
மே கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில் ஏறுங்கள் அக்கா, நாலு மணி நேரம்தான். சனி, ஞாயிறோடு சேர்த்து நாலு நாள் நண்பர் வீடு. முன்னாலும் பின்னாலும் வேண்டுமென்றால் மலேசியா போங்கள், 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா இல்லாமல் விடுகிறார்கள்.

வெட்டாற்றங்கரை:
நாலு நாளைக்கு மாமியார் வர மாட்டார், பார்க்கலாம்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இங்கே இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நேற்று அந்த அம்மாவிடமிருந்து போன். கூழ் வடகம் தீர்ந்துவிட்டதாம், பிள்ளைகள் அது இல்லாமல் தயிர்சாதம் தொட மாட்டேன் என்கிறார்களாம். டிசம்பரில் வரும்போது இரண்டு கிலோ தயாராக இருக்கணுமாம். இந்தத் தடவை ஒரு வாரம் தங்குகிறார்களாம். என் வாயிலிருந்து "தாராளமா வாங்க" என்றுதான் வந்தது. நான் என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டலாமா?

பம்புசெட்:
கண்டிப்பாக ஒட்டுங்கள் அக்கா. முதல் வரி: வடகம் காயவைக்க டிசம்பரில் வெயில் கிடையாது.

நீடாமங்கலத்தாள்:
இரண்டாவது வரி: ஆண்கள் இரண்டு பேரும் மொட்டைமாடியில் பேசிக்கொள்ளவும். குடை படிக்கட்டு ஆணியில் இருக்கிறது.