ஐசியூ சர்க்கரைக் கணக்கில் மாட்டிக்கொண்டேன், உதவுங்களேன்

ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் யூனிட்டில் இன்சுலின் டிரிப் போகும் நோயாளிகளுக்குச் சர்க்கரை எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று பார்க்க ஆறு மாதச் சார்ட்டுகளோடு உட்கார்ந்தேன். சராசரி எடுத்தால் ஏமாற்றுகிறது. ஒருவருக்கு ராத்திரி சர்க்கரை 62-க்கு இறங்கியதும் கால் மணிக்கொரு தடவை குத்திப் பார்த்திருக்கிறார்கள், அந்த ஒரு மணி நேரத்திலேயே ஐந்து ரீடிங். 160-இல் நிலையாக இருந்தபோது நாலு மணி நேரத்துக்கு ஒன்றுதான். மொத்தமாகக் கூட்டி வகுத்தால் சராசரி தானாக இறங்கிவிடுகிறது.

அதனால் 140–180 மி.கி./டெ.லி.க்குள் கழிந்த நேரத்தின் சதவீதத்தை எடுக்கலாமென்று இருக்கிறேன் (ஐசியூ நோயாளிகளின் சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பார்த்த 2009 நைஸ்-சுகர் ஆய்வில் 81–108 என்று இறுக்கிப் பிடித்த பிரிவில்தான் இறப்பு கூடியது, அந்த வம்பு வேண்டாம்). இரண்டு ரீடிங்குக்கு நடுவே நேர்கோடு போட்டுக் கணக்கிடுவது சரிதானா? இடைவெளி எவ்வளவு நீண்டால் அதைக் கழித்துவிடுகிறீர்கள்?

அப்புறம், ஷாக்கில் (ரத்த அழுத்தம் சரிந்த நிலை) அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரீனலின் மருந்து ஓடும்போது விரல் நுனியில் எடுத்ததையும் ஆர்டீரியல் லைனில் (தமனியில் போட்ட குழாய்) எடுத்து ஏபிஜி மெஷினில் (ரத்த வாயுக்களை அளக்கும் கருவி) பார்த்ததையும் ஒரே கணக்கில் சேர்க்க மனசு வரவில்லை. நீங்கள் பிரித்து வைக்கிறீர்களா? 70-க்குக் கீழும் 40-க்குக் கீழும் போனதைத் தனியாக எண்ணிவிட்டேன். யாரிடமாவது எக்செல் ஃபார்முலா இருந்தால் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.