வெளி ஆன்டெனா வாங்கிய, மாட்டிய அனுபவங்கள்: முதலில் டவர் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

வீட்டுக் கூரையில் ஆன்டெனா வைத்து உள்ளூர் சேனல்கள் பார்ப்பவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதினால் புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும். நான் தொடங்கி வைக்கிறேன்.

சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டில் ஆன்டெனா மாட்டிக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஆன்டெனா நல்லது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: சேனலை ஒளிபரப்பும் டவர் எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு தூரம், உங்களுக்கு வேண்டிய சேனல்கள் விஎச்எஃப்பா (நீளமான அலை) யுஎச்எஃப்பா (குட்டை அலை)? இது தெரியாமல் கடைக்குப் போனால் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். பெட்டியில் "4கே ஆன்டெனா" என்று இருக்கும், "300 கிலோமீட்டர்" என்று இருக்கும். ஆன்டெனாவுக்கு 4கே என்றால் என்னவென்றே தெரியாது, அது வெறும் உலோகக் கம்பி, வரும் அலையைப் பிடித்துக் கீழே அனுப்புகிறது, அவ்வளவுதான். தூரக் கணக்கும் அப்படித்தான். பூமி வளைந்திருப்பதால் 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு ரேடியோ அடிவானம், அதாவது பூமி மறைக்காமல் அலை எட்டும் எல்லை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர், 100 மீட்டர் டவருக்கு 41 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 54 வருகிறது. இடையில் மலையோ கட்டடமோ இல்லாவிட்டால்தான் அந்த 54கூட. அதைத் தாண்டியும் சில நாள் சிக்னல் வரும், ஆனால் தினமும் வரும் என்று நம்பி வாங்க முடியாது.

ஒரு நண்பர் வீட்டில் எல்லாச் சேனலும் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது, இரண்டு மட்டும் எப்படித் தேடினாலும் கிடைக்கவில்லை. ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தார், உயர்த்திப் பார்த்தார், டிவியைக்கூடச் சந்தேகப்பட்டார். மேலே ஏறிப் பார்த்தால் கம்பி எல்லாமே ஒரு சாண் நீளம். அந்த இரண்டு சேனலும் விஎச்எஃப்பில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 செ.மீ., அதைப் பிடிக்கும் கம்பி அதில் பாதி, 25 செ.மீ. இருந்தால் போதும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு அதுவே 75 செ.மீ. வேண்டும். சாண் கம்பியில் அது எப்படி வரும்? நீளக் கம்பியும் சேர்ந்து இருக்கிற ஆன்டெனாவை மாட்டினோம், அன்றைக்கே இரண்டும் வந்துவிட்டன. அதனால் கம்பியின் நீளத்தைப் பாருங்கள், அது பெட்டியைவிட அதிகம் சொல்லும்.

அப்புறம் வடிவம். டவர் எல்லாம் ஒரே பக்கம் என்றால் யாகி, அதாவது மீன் முள் மாதிரி இருக்குமே, அதுதான் என் தேர்வு. 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் வெளியிட்ட அமைப்பு, இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை என்றே நினைக்கிறேன். ஒரு பக்கமாகக் குவித்துப் பிடிப்பதால் மற்ற பக்கத்திலிருந்து வரும் தொல்லையையும் குறைக்கிறது. கம்பி படிப்படியாகக் குறுகும் லாக்-பீரியாடிக் ஆன்டெனாவுக்குப் பலம் கொஞ்சம் குறைவு, ஆனால் அகன்ற அலைவரிசையைச் சீராக எடுக்கும். எல்லாப் பக்கமும் பிடிக்கும் வட்ட ஆன்டெனா டவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சரி, தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். யாகியோ லாக்-பீரியாடிக்கோ, எதை மாட்டினாலும் குட்டைக் கம்பி இருக்கிற முனைதான் டவரைப் பார்க்க வேண்டும், தலைகீழாக மாட்டியிருப்பதை எத்தனையோ மாடிகளில் பார்க்கிறேன். உங்கள் டவர் கிடைமட்டமாக அனுப்புகிறதா செங்குத்தாகவா என்பதையும் விசாரியுங்கள், கம்பியும் அதே வாட்டத்தில் இருக்க வேண்டும்.

*

பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் பெட்டி பற்றி நான் சொல்கிறேன் நண்பரே, ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

நாங்கள் குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவர் ஆன்டெனா கம்பத்திலேயே பெரிய பூஸ்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மாடியில் நின்றால் டவர் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஸ்கேன் போட்டால் பாதிச் சேனல்தான் வந்தது, வந்ததும் கட்டம் கட்டமாக உடைந்தது. சிக்னல் அளவு காட்டும் பட்டை மட்டும் முழுசாக நின்றது! பூஸ்டரைக் கழற்றி ஒயரை நேராகக் கொடுத்ததும் எல்லாமே வந்தது. பக்கத்து டவரின் பலமான சிக்னலில் பூஸ்டர் திணறி, தானே குப்பை சிக்னலை உண்டாக்குகிறது. டிவியில் பலம், தரம் என்று இரண்டு பட்டை இருக்கும், தரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அதே பூஸ்டர் என் மாமா வீட்டில் அருமையாக வேலை செய்கிறது. அவர்களுக்கு டவர் தூரம், மாடியிலிருந்து டிவி வரை ஒயரும் நீளம். ஆன்டெனாவுக்குப் போடும் நல்ல ஆர்ஜி-6 ஒயரிலேயே 30 மீட்டருக்குள் யுஎச்எஃப் சிக்னல் சுமார் 6 டெசிபல் குறையும், அதாவது நான்கில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். அந்த இழப்புக்கு முன்னால், ஆன்டெனாவுக்கு அடியிலேயே பூஸ்டர் இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் வைத்தால், சந்தை இரைச்சலில் கரைந்துபோன குரலுக்கு மைக் பிடிப்பது மாதிரி, இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும்.

*

எங்கள் பிரச்சினை மரம். டவர் பக்கமாகவே அடர்ந்த மரங்கள். இலை உதிர்ந்திருக்கும்போது எல்லாம் சரியாக வரும், தழைத்தபின் யுஎச்எஃப் சேனல்கள் விட்டுவிட்டு வரும், மழையில் இலை நனைந்தால் இன்னும் மோசம். பைப்பை இன்னும் உயரமாக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாட்ட வந்தவர் பொறுமைசாலி, ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி முழுக்க மெதுவாக நடந்தார், நான் கீழே தரப் பட்டையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தேன். இருந்த இடத்திலிருந்து இரண்டு எட்டு தள்ளி, உயரமும் கொஞ்சம் குறைவாகவே, ஒரு இடத்தில் பட்டை சட்டென்று ஏறியது. இலைகளிலும் சுவர்களிலும் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும் என்று விளக்கினார். கம்பம் ஊன்றுவதற்கு முன்னால் இப்படி ஒருமுறை நடந்து பாருங்கள், செலவே இல்லாத வேலை.

*

எங்கள் வீட்டில் மழை நின்ற பிறகும் படம் உடைந்தது. மழை மேகம்தான் காரணம் என்றார்கள், ஆனால் டிஷ்ஷுக்கு வருகிற அலை மாதிரி இல்லை இது, இந்த அலைவரிசையை மழை பெரிதாகத் தடுப்பதே இல்லை. ஒயர் முனையில் திருகும் எஃப் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஈரம், செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. ஒயரைப் புதிதாகப் போட்டு, இணைப்பில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒயரைத் தாழ்வாகத் தொங்கவிட்டு வளைத்தோம், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்துக்கும் ஒயருக்கும் எர்த் கொடுத்தோம். மின்கம்பி பக்கத்தில் போகிற வீடாக இருந்தால் கம்பம் சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் வையுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

ஒரு சந்தேகம். இப்போது எல்லாம் சரி, விஎச்எஃப் சேனல் ஒன்று மட்டும் இரவானால் போய்விடுகிறது, பகலில் நன்றாக வருகிறது. ஒயரைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டு அடுத்த அறைக்கும் கொடுக்கலாமா?

*

ஸ்பிளிட்டரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இரண்டாகப் பிரித்தாலே ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபல் குறையும், நான்காகப் பிரித்தால் 7. இரவுச் சேனல் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது, டிஜிட்டலில் விளிம்பைத் தாண்டினால் பழைய காலம் மாதிரிப் புள்ளிப் புள்ளியாகக்கூட வராது, ஒரேயடியாகப் போய்விடும்.

இரவில் மட்டும் என்றால் எனக்கு எல்இடி விளக்கு மேல்தான் சந்தேகம். மலிவான விளக்குகளுக்குள் இருக்கும் மின்சுற்று விஎச்எஃப்பில் இரைச்சல் கிளப்பும், யுஎச்எஃப்பை அவ்வளவாகத் தொடாது, நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. அந்தச் சேனலின் தரப் பட்டையைத் திரையில் வைத்துக்கொண்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணையுங்கள், போன் சார்ஜரையும் விடாதீர்கள். எதை அணைக்கும்போது பட்டை ஏறுகிறதோ அதை மாற்றினால் போதும். எதுவுமே மாறவில்லை என்றால் உங்கள் ஆன்டெனாவின் மிக நீளமான கம்பியை அளந்து இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.