மறு: பழந்திரளா, வைகறைத் திரளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டும் ஆதிகால விண்மீன் திரள்களுக்கு நம் கலைச்சொல் அகராதியில் 'பழந்திரள்' என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவுக்கு இழையில் நல்ல ஆதரவு வந்திருக்கிறது. சொல் சின்னது, வாயில் நிற்கிறது, சரி. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை, அடுத்த மடலில் வந்த 'முதிர்திரள்' இன்னும் மோசம். வெகு தொலைவிலிருந்து நம்மை வந்துசேரும் ஒளிதான் பழையது, அந்த ஒளியில் தெரியும் திரள் இளையது. பாட்டி பள்ளிக்கூடம் போன காலத்துப் புகைப்படத்தைப் பார்த்து அதிலிருக்கும் சிறுமியைக் கிழவி என்று யாரும் சொல்வதில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 ஜூலையில் வெப்பின் முதல் படங்கள் வந்தபோது, எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான திரள்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தென்பட்டன. செய்திகளில் 'முதிர்ந்த திரள்கள்' என்று எழுத ஆரம்பித்தார்கள். மறைநூலின் படைப்புக் கதையே அறிவியல் என்று வாதிடும் அமெரிக்கப் படைப்புவாதத் தளங்கள் அந்த அடைமொழியை அப்படியே பிடித்துக்கொண்டன: பாருங்கள், தொடக்கத்திலேயே முழு வளர்ச்சியோடு இருக்கின்றன, ஆகவே பேரண்டம் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்தது என்ற பெருவெடிப்புக் கோட்பாடு பொய், எல்லாம் முழுசாகவே படைக்கப்பட்டவை என்று. நாம் 'முதிர்திரள்' என்று அகராதியில் ஏற்றினால் அந்த வாதத்தின் பாதியை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. பேரண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நீளும் அளவைச் செம்பெயர்ச்சி என்கிறோம், அது கூடக்கூடக் காலம் பழையது. செம்பெயர்ச்சி 14ஐத் தாண்டிய ஒரு திரள் 2024இல் நிறமாலை மூலம், அதாவது ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பார்த்து, உறுதியானது. நாம் பார்ப்பது பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 29 கோடி ஆண்டில் அது இருந்த நிலை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,600 ஒளியாண்டு, நம் பால்வழியோ சுமார் 1 லட்சம். எந்த விதத்தில் இது முதிர்ந்தது? ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: 2025இல் சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கிகள் அதே திரளில் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தன. ஆக்சிஜன் விண்மீன்களுக்குள்தான் உருவாகும், ஆக அதற்குள் ஒரு தலைமுறை விண்மீன்கள் எரிந்து முடிந்திருக்க வேண்டும். அவ்வளவு வேகம் எப்படி என்பது உண்மையான புதிர், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது திரள்கள் எவ்வளவு வேகமாக வளர்ந்தன என்ற கேள்வி. பேரண்டம் ஒரு காலத்தில் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்தது என்பதற்கான சான்று வேறு இடத்தில் இருக்கிறது, அந்தச் சூட்டின் எச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சிலும், சாதாரணப் பொருளின் நிறையில் கால்பங்கு ஹீலியமாக இருப்பதிலும். வெப் அதில் எதையும் அசைக்கவில்லை.

இன்னொன்று. 2022இல் ஒரு திரளின் செம்பெயர்ச்சி 16க்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார்கள், நிறங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அடுத்த ஆண்டே நிறமாலை எடுத்துப் பார்த்தால் 4.9தான், அதாவது பெருவெடிப்புக்கு 100 கோடி ஆண்டுக்கும் பிந்தையது. ஆதித் திரள்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தவறைத் தானே திருத்திக்கொள்ளும் அறிவியலின் இந்தக் குணத்தைத்தான் நான் மதிக்கிறேன். உலகத்துக்குச் சில ஆயிரம் ஆண்டு வயது என்பவர்களில் சிலர், தொலைதூர ஒளியே பாதி வழியில் வந்துகொண்டிருக்கும் நிலையில் படைக்கப்பட்டது என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் எந்தத் தொலைநோக்கி எதைக் காட்டினாலும் அந்தக் கருத்து தவறாகவே முடியாது, அப்புறம் எதற்கு வெப்பைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்?

இதோடு 'படைப்புவாதம்' என்ற சொல்லையும் குறுக்கியே வைத்துக்கொள்ளுங்கள். மறைநூலின் படைப்புக் கதையை அறிவியல் என்று நிறுவப் பார்ப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும், கடவுள் நம்பிக்கை உள்ள எல்லோருக்கும் இல்லை. விரிவடையும் பேரண்டத்தை 1927இல் எழுதிய லெமெத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை.

சரி, என் முன்மொழிவு. நம்மிடம் சிறுபொழுதுகள், அதாவது ஒரு நாளின் பகுதிகளுக்கான பழம்பெயர்கள், இருக்கின்றன. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுக்குப் பின் பின்னணிக் கதிர்வீச்சு புறப்பட்டது, அதற்குப் பிறகு விண்மீன் எதுவும் இல்லாத நீண்ட இருட்டைப் 'பேரண்ட யாமம்' என்போம். முதல் விண்மீன்களும் திரள்களும் தோன்றும் காலம் 'பேரண்ட வைகறை'. அவற்றின் ஒளி, திரள்களுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜனை அயனியாக்கி, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து, முடிக்கும் கட்டம், பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு, 'பேரண்ட விடியல்'. யாமம், வைகறை, விடியல் என்ற வரிசையே காலத்தைச் சொல்லிவிடும். இந்த மூன்றில் நடுவிலுள்ள வைகறையில் தோன்றிய திரள்கள்தான் 'வைகறைத் திரள்'. யாரையும் மூத்ததென்றோ முதிர்ந்ததென்றோ சொல்லாது, எப்போது என்பதை மட்டும் சொல்லும்.

வைகறை இலக்கியச் சொல், பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஒரு மடல் வந்தது. 'வைகறைத் துயில் எழு' என்று ஆத்திசூடி படிக்காத பிள்ளை உண்டா?

எல்லை வகுப்பதில்தான் எனக்கு உங்கள் உதவி வேண்டும். செம்பெயர்ச்சி 6க்கு மேற்பட்டவை எல்லாம் வைகறைத் திரள் என்று எண்ணோடு வரையறுக்கலாமா, அல்லது அளவீடுகள் மாறும் என்பதால் எண் இல்லாமல் விடலாமா? வானியல் படித்தவர்கள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அகராதியில் ஏற்றலாம்.