மறு: ஸ்டேஜ் மேனேஜருக்குத் தமிழ்ச்சொல்: ‘மேடை மேலாளர்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். ‘ஸ்டேஜ் மேனேஜர்’ என்பதற்கு ‘மேடை மேலாளர்’ என்று முடிவு செய்து, நம் நாடகச் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம் என்ற இடத்துக்குப் பேச்சு வந்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர் வட்டாரத்தில் நாடகம் போடும் ஒரு குழுவில் இந்த வேலையைச் செய்பவள் நான். சொல் வேலைக்குப் பொருந்துகிறதா என்பது எனக்கு முக்கியம்.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் போய் ‘நான்தான் மேடை மேலாளர்’ என்று சொன்னால், நாற்காலி எத்தனை வேண்டும், மைக் செட்காரருக்கு யார் பணம் தருவது என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மேலாளர் என்றால் வங்கியில் இருப்பவர், அரிசி ஆலையில் இருப்பவர், கல்யாண மண்டபத்துச் சாவி வைத்திருப்பவர். ‘அரங்க மேலாளர்’ என்று மாற்றினால் குழப்பம் இன்னும் கூடும். அது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். நான் மேடையையும் மேய்ப்பதில்லை, கட்டடத்தையும் மேய்ப்பதில்லை. அன்று நடக்கும் நாடகம் ஒன்றுதான் என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு என்னவென்று விரித்துச் சொன்னால்தான் சொல் பிடிபடும். ஒத்திகையிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எந்த வசனத்தில் எத்தனை அடி நகர்கிறார், செம்பு யார் கையில் இருந்து யார் கைக்குப் போகிறது என்பதையெல்லாம் பிரதியின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். பள்ளிக்கூட வராந்தாவில் ஒத்திகை என்றால், உண்மையான மேடையின் அகலத்தைத் தரையில் டேப் ஒட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடிகர்கள் வராந்தாவின் அகலத்துக்கே பழகிவிடுவார்கள். அப்புறம் ஆள் வருகை. எங்கள் குழுவில் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர் இருக்கிறார், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மயிலாடுதுறையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருபவர்கள் இருக்கிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு, தை பிறந்தால் சம்பா அறுப்பு. இந்த இரண்டு பருவத்திலும் எல்லாரும் சேர்ந்து வரும் ஒத்திகை நடக்காது என்று தெரிந்தே அட்டவணை போட வேண்டும். யார் இல்லாத நாளில் எந்தக் காட்சியை எடுக்கலாம் என்ற கணக்கு இயக்குநருக்கு வராது. அவர் மனம் நாடகத்தில் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

நாடக நாளன்று நேரம்தான் பெரிய சிக்கல். பிரிட்டனில் நடிகர்களுக்கான ‘ஹாஃப்’ (அரை மணி) என்ற அறிவிப்பு திரை உயர 35 நிமிடம் இருக்கும்போது வரும். தொடக்கக் காட்சி நடிகர்கள் ஐந்து நிமிடம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. எங்களுக்குக் கடிகாரம் பயன்படாது. நோட்டீஸில் ஒன்பது மணி என்று இருக்கும், சாமி புறப்பாடு முடியாமல் மணி அடிக்க முடியாது. சீக்கிரம் ஒப்பனை போட்டால் புழுக்கத்தில் வழிந்துவிடும், தாமதித்தால் கூட்டம் கலையும். அதனால் புறப்பாட்டோடு ஒரு பையனைப் போனோடு அனுப்பிவிடுவேன். “அக்கா, மேலவீதி திரும்பியாச்சு” என்றால் ஒப்பனை முடிந்திருக்க வேண்டும். வடக்கு வீதி என்றால் உடை. கீழவீதியில் வாணம் விடும் சத்தம் கேட்டால் எல்லாரும் படுதாவுக்குப் பின்னால். நான்கு வீதிதான் எங்களுக்கு அறிவிப்பு மணி. அப்புறமும் பொன்னாடை போர்த்தும் சடங்கு நடுவில் வரும். எந்தக் காட்சிக்கு அப்புறம் அதை அனுமதித்தால் நாடகம் உடையாது என்பதை முன்பே கமிட்டிக்காரர்களிடம் பேசி வைக்க வேண்டும். பேசி வைக்காத ஊரில், மூன்றாம் காட்சியில் தூக்கு மேடை தயாராக நிற்கும்போது ஒருவர் மாலையோடு ஏறி வந்திருக்கிறார்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இரவில் வயலை ஒட்டிய மேடையில் நாடகம் போட்டால், நெற்பயிரில் இருக்கும் பச்சைத் தத்துப்பூச்சி முழுக்க விளக்குக்கு வந்துவிடும். பாடுகிற வாய்க்குள்ளேயே போகும். மேடைக்கு எதிர்த்திசையில் தள்ளி ஒரு டியூப் லைட்டைத் தனியாக எரியவிட்டால் பாதிப் பூச்சி அங்கே போகும். அதைக் கட்டச் சொல்வதும், நாடகம் முடியும்வரை அது அணையாமல் பார்ப்பதும் இந்த வேலைதான்.

இத்தனையும் ஆயத்தம். வேலையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒளி எப்போது மாற வேண்டும், ஒலி எப்போது எழ வேண்டும், படுதா எப்போது விழ வேண்டும் என்பதை ஓரத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் இவர். விளக்குக்காரருக்கு விசை தெரியும், எப்போது அழுத்துவது என்பது இவர் வாயிலிருந்து வர வேண்டும். டெல்டாவில் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அவருடையதல்ல, வயலும் அவருடையதல்ல. ஆனால் அவர் நேரம் தவறினால் கடைமடை காயும். அவரை யாரும் மேலாளர் என்று சொல்வதில்லை.

நண்பர் ஒருவர் ‘சூத்திரதாரி’யை முன்வைத்தார். வடமொழி நாடக மரபில் சூத்திரதாரர் மேடைக்கு வந்து பேசுபவர், நாடகத்தைத் தொடங்கி வைப்பவர். இன்றைய செய்தித்தாளிலோ குண்டுவெடிப்புக்குத் திட்டம் போட்டவர்தான் சூத்திரதாரி. இரண்டும் ஒத்துவராது. தெருக்கூத்தின் கட்டியங்காரனும் அப்படித்தான், அவர் பார்வையாளரோடு பேசுபவர். மெலட்டூரில் ஆடும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முதலில் வந்து கூட்டத்தை அமர்த்தும் கோணங்கியும் வேடம் கட்டியவர்தான். நாம் பேசும் ஆள் பார்வையாளர் கண்ணில் படாதவர். ‘நெறியாளர்’ ஈழத்து நாடக வழக்கில் இயக்குநரையே குறிக்கும், இங்கே தொலைக்காட்சி விவாதம் நடத்துபவரை. ‘ஒருங்கிணைப்பாளர்’ பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, எந்த வாட்ஸாப் குழுவிலும் நான்கு பேர் இருக்கிறார்கள். இலங்கையின் ‘முகாமையாளர்’ நல்ல சொல்தான், ஆனால் மேலாளருக்கு உள்ள அதே குறை அதற்கும் உண்டு.

பழைய இலக்கியத்தில் தேடலாம் என்றவருக்கு: நானும் தேடினேன். புகாரில் நடந்த மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவே தருகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு. ஆடலாசான், இசையோன், கவிஞன், தண்ணுமை, குழல், யாழ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கணம். எழினியை எப்போது இழுப்பது என்று சொன்னவருக்கு மட்டும் இலக்கணம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் இப்படித்தான். வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆட சாந்திக்கூத்தன் என்ற கூத்துக் கலைஞர் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று பதிந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் நின்றவருக்கு அங்கே பெயர் கிடைக்கவில்லை. ஆகவே சொல்லை நாம்தான் செய்ய வேண்டும். ‘எழினி’யைப் படுதாவுக்கு மீட்டெடுக்கலாம், அதை மனதார ஆதரிக்கிறேன்.

என் முன்மொழிவு ‘நாடகப் பொறுப்பாளர்’. இயக்குநர் நாடகத்தை ஆக்குகிறார், முதல் ஆட்டத்துக்கு அப்புறம் பல ஊருக்கு அவர் வருவதில்லை. ஆக்கி வைத்தது சிதையாமல் ஒவ்வோர் இரவும் அதே நாடகமாக நடக்க ஒருவர் பொறுப்பேற்கிறார். ஒரு ஊரில் கைதட்டு வாங்கிய நகைச்சுவையை அடுத்த ஊரில் இரட்டிப்பாக்கும் நடிகரிடம், “அண்ணே, அது நாடகத்துல இல்ல” என்று ஒப்பனை கலைக்கும்போது சொல்ல வேண்டியவர் அவர்தான். ‘மேடைப் பொறுப்பாளர்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதியிருக்கிறீர்கள். அரசியல் கூட்ட மேடைக்கும் அது வழங்குவதால் ‘நாடக’ என்ற முன்னொட்டே தெளிவு. ஆங்கிலத்திலும் இந்தப் பதவி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஓடும் நாடகத்துக்குக் குறிப்புச் சொல்பவர் அமெரிக்காவில் பொதுவாக ஸ்டேஜ் மேனேஜர், பிரிட்டனில் பெரும்பாலும் துணைநிலையில் இருப்பவர். அவர்கள் சொல்லை அப்படியே ‘மேடை’, ‘மேலாளர்’ என்று துண்டு துண்டாகப் பெயர்க்கத் தேவையில்லை.

அடுத்து ‘க்யூ’, அதாவது ஒளியோ ஒலியோ மாற வேண்டிய நொடியைச் சொல்லும் அறிவிப்பு. இதற்கு ‘குறிப்பு’, ‘சைகை’ இரண்டும் வந்திருக்கின்றன. குறிப்பு என்பது எழுதி வைப்பதையும் சுட்டும். விளக்குக்காரர் இருட்டில் இருப்பார் என்பதால் சைகை அவருக்குத் தெரியாது. காவிரிக் கரை இசையில் நமக்கு ஒரு சொல் காத்திருக்கிறது: எடுப்பு. தாளத்தில் எந்த இடத்தில் பாட்டைத் தொடங்க வேண்டுமோ அதுதான் எடுப்பு. தாளம் தொடங்கும் இடமான சமத்தில் எடுக்கலாம், அதீதம், அனாகதம் என்று அதற்கு முன்னோ பின்னோ தள்ளியும் எடுக்கலாம். நாடகத்திலும் இதே நுட்பம்தான். வசனம் முடிந்த நொடியில் விளக்கு மாறுவது வேறு, கடைசிச் சொல்லுக்கு அரை நொடி முன்னால் மாறத் தொடங்குவது வேறு. ‘ஒளியெடுப்பு 14’, ‘ஒலியெடுப்பு 6’ என்று எண் கொடுத்தால் வாயிலும் நன்றாக வருகிறது. எடுப்பு என்றால் எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நாகஸ்வரக்காரர்களுக்கு வரவில்லை, நமக்கும் வராது. எடுப்புகள் எழுதிய பிரதிக்கு ‘எடுப்பேடு’ என்று பெயர் வைக்கலாம். வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது வேறு வேலை. ‘அடியெடுத்துக் கொடுத்தல்’ என்று அதற்குத் தமிழில் பழைய வழக்கே இருக்கிறது, இரண்டையும் கலக்க வேண்டாம்.

இதில் பயன்பாட்டுச் சிக்கல் ஒன்று. நம் நடிகர்கள் வசனத்தை மாற்றிப் பேசுபவர்கள். எடுப்பை ஒரு வசனத்தில் கட்டினால் அந்த வசனம் வராமலே போகும், விளக்குக்காரர் காத்துக்கொண்டே இருப்பார். அதனால் முடிந்தவரை செயலில் கட்டுங்கள். செம்பைக் கீழே வைத்ததும், கதவுத் தட்டி அசைந்ததும், பெட்டியை மூடியதும். எடுப்பேட்டில் ‘சொல்லெடுப்பு’, ‘செயலெடுப்பு’ என்று பிரித்து எழுதினால் புதியவர் ஒருவர் வந்து எடுத்து நடத்தவும் எளிது.

ஹெட்செட்டில் சொல்லும் சொற்களும் பட்டியலில் வர வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் ‘ஸ்டாண்ட் பை’, அப்புறம் ‘கோ’. வேறெதற்கும் ‘கோ’ என்று அந்த இணைப்பில் சொல்லக்கூடாது என்பது அங்கே கடுமையான பழக்கம். யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் விளக்கு மாறிவிடும். ‘இப்போ’ என்று மொழிபெயர்த்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை ‘இப்போ’ சொல்கிறோம்! ‘போடு’ என்பதும் ஆபத்து, ‘டீ போடு’ என்றாலே போதும். ‘ஆயத்தம்’, ‘விடு’ என்ற இரண்டையும் பரிந்துரைக்கிறேன். ஆயத்தம் நீளமான சொல், அதைக் கேட்டவர் விரலை விசையில் வைக்க நேரம் கிடைக்கிறது. விடு குறுகியது, ஜெனரேட்டர் சத்தத்திலும் காதில் விழுகிறது. வரிசை இப்படி இருக்கட்டும்: “ஒளியெடுப்பு 14, ஆயத்தம்.” பதில்: “ஆயத்தம்.” அப்புறம்: “ஒளியெடுப்பு 14… விடு.” எண் முன்னால், விடு கடைசியில். வரிசையை மாற்றினால் எண் காதில் விழுவதற்குள் விளக்கு மாறிப்போகும்.

ஹெட்செட் வாங்க வசதியில்லாத குழுக்கள்தான் இங்கே அதிகம். ஒரு சிறிய டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, எரிந்தால் ஆயத்தம், அணைந்தால் விடு என்று வைத்துக்கொள்ளலாம். எரிவதை ‘விடு’வாக வைத்தால், தற்செயலாகக் கை பட்டு ஒளிர்ந்தாலே காட்சி மாறிவிடும்.

இன்னும் சொல் கிடைக்காதவை: காட்சிக்கு நடுவே இருட்டில் சில நொடிகளில் உடை மாற்றுவது, பொருள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப்பால் குறிப்பது, ஆட்டம் முடிந்த இரவே எழுதி இயக்குநருக்கு அனுப்பும் அறிக்கை. கடைசியதை நாங்கள் ‘ஆட்டக் குறிப்பு’ என்று எழுதி வருகிறோம். முதல் இரண்டுக்கும் உங்கள் ஊர்க் குழுக்களில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். இசை நாடகக் குழுக்களோடு பழகியவர்கள் யாராவது இழையில் இருந்தால், காட்சித் திரை கட்டும் சீன்காரர்கள் இவற்றுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?