முயலின் தாடைக் கட்டி: புதுப்பிப்பு

பல் வேரிலிருந்து முயலின் தாடையில் சீழ்க்கட்டி வந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்தாயிற்று. முயலின் சீழ் பற்பசை போலக் கெட்டி, தானாக வடியாது. அதனால் கட்டியை உறையோடு எடுத்து, கெட்ட பல்லையும் பிடுங்கிவிட்டார்கள். புண்ணைத் தைக்கவில்லை, தினமும் கழுவுகிறேன். பென்சிலின் ஊசியாக மட்டும்தான். வாய்வழி கொடுத்தால் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்து. சிரிஞ்சில் கூழ் ஊட்டுவதுதான் பெரும்பாடு, பாதி என் சட்டைக்கு. பட்டினி கிடந்தால் குடல் இயக்கம் நின்றுவிடும், ஆகவே இரவிலும் எழுந்து ஊட்டுகிறேன். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சூட்டுக்கு ஏர்கான் ஓடிக்கொண்டே இருக்கிறது, பில்லை அப்புறம் பார்க்கலாம். நேற்று தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தமல்லியைத் தானாகவே கடித்தான்! திமோத்தி என்ற காய்ந்த புல்லை இன்னும் தொடவில்லை. பிடுங்கிய பல்லுக்கு எதிரே உள்ள பல் தேய வழியில்லாமல் வளரும் என்பதால் அவ்வப்போது அதைச் சீவிவிட வேண்டுமாம்.